தபால் பட்டாளம்: செங்கோட்டைப் பக்கம் ஐந்து நாள்

ஜூலை 16, 2025, புதன்

அத்தையின் போன் நேற்று மாலை ஏழு மணிக்கு வந்தது. "மாமா போயிட்டாவ" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் "நீ சாப்பிட்டியா?" என்றும் கேட்டுவிட்டார். துக்க வீட்டிலிருந்து கேட்கிற கேள்வியா இது. ஆனாலும் பழக்கத்தில் "இன்னும் இல்ல அத்தை" என்று சொல்லி அதற்கும் ஒரு திட்டு வாங்கினேன். மாமாவுக்கு எழுபத்து நான்கு வயது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் நாலு மணிக் காப்பிக்கு எழுந்திருக்கவில்லை.

ரயிலில் இடமில்லை. கிளாம்பாக்கத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கடைசி வரிசை சீட், 1,400 ரூபாய். ராத்திரி முழுக்க ஏ.சி. தண்ணீர் சொட்டு சொட்டாகத் தோளில் விழுந்தது. அது போதாதென்று விடிகாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பின்பக்க டயர் போய்விட்டது. "பத்தே நிமிஷம் சார்" என்று டிரைவர் சொன்ன பத்து நிமிஷம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. எதிரே ஒரு பால்கோவாக் கடையில் ஷட்டரைத் தூக்கினார்கள். சாவுக்குப் போகிறவன் இனிப்புத் தின்னலாமா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன், பிறகு கால் கிலோ வாங்கி, பாதியை நின்றுகொண்டே தின்றேன். மீதிப் பொட்டலத்தைப் பையின் அடியில் ஒளித்து வைத்தேன், யார் பார்க்கப் போகிறார்களோ.

கடையநல்லூர் தாண்டியதும் காற்று மாறியது. சாரல். சென்னையில் அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் வேகாத நாளில்லை, இங்கே மலையிலிருந்து பொடித் தூறல் இறங்கி முகத்தில் ஒட்டுகிறது. தென்காசியில் குற்றால சீசன் கூட்டம். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வேன் வேனாகப் போகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஷேர் ஆட்டோவில் நான் மட்டும் கறுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுப் பையன் "எந்த அருவில தண்ணி நல்லா விழுது அண்ணே?" என்று கேட்டான்.

ஊர் பெயர் வேண்டாம். செங்கோட்டையிலிருந்து மலையைப் பார்க்க உள்ளே போகிற சின்ன ஊர். வீட்டு முன்னால் தகரப் பந்தல், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் மாமா. பெட்டிக்கு ஒரு நாள் வாடகை 2,500, கரண்ட் போனால் ஜெனரேட்டருக்குத் தனியாக 800. சாரல் ஈரத்தில் கண்ணாடி அடிக்கடி வியர்த்துப் போகிறது, ஒரு சின்னப் பையனைத் துண்டோடு பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் துடைக்கத் துடைக்க மாமா முகம் வந்து வந்து மறைந்தது.

மாமாவைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே நடப்பது புரியாது. எழுபதுகளின் நடுவில் தபால்காரராகச் சேர்ந்தார், 2011-ல் தபால்காரராகவே ஓய்வு பெற்றார். நடுவில் 1982 முதல் 1986 வரை மட்டும் காக்கிப் பையை இறக்கி வைத்துவிட்டு ராணுவத் தபால் பிரிவுக்கு அயல்பணியில் போனார். அப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. பட்டாளத்துக்கு என்று தனியாகத் தபால் ஆபீஸ் உண்டு, அதற்கான ஆட்களில் பெரும்பங்கு தபால் துறையிலிருந்துதான் போகிறார்கள், நாக்பூர் பக்கம் காம்டியில் பயிற்சி, அப்புறம் சீருடை, ரேங்க், நம்பர் எல்லாம். மாமா லடாக்கில் லே வரைக்கும் போனார். ஆக அவர் தன்னை முன்னாள் படைவீரர் என்றே சொல்லிக்கொள்வார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. "தபால் பட்டாளம்" என்று பெயர் வைத்துவிட்டது.

நானும் அந்த ஊரில் ஒருவன்தான். கல்லூரியில் படிக்கிற திமிரில் ஒரு பொங்கலுக்கு, பத்துப் பேர் முன்னால், "மாமா, அங்கன துப்பாக்கி பிடிச்சீங்களா, இல்ல கோந்து டப்பாவா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அன்றைக்கு அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

ஜூலை 16 ராத்திரி, இன்னும் புதன்தான்

மச்சான் மஸ்கட்டிலிருந்து வருகிறான், மாமாவின் ஒரே மகன். திருவனந்தபுரத்தில் இறங்கி வருவதுதான் பக்கம். கூப்பிட்டு வர என்னை அனுப்பினார்கள். கார் வாடகை, கேரளா பெர்மிட் எல்லாம் சேர்த்து 5,800. டிரைவர் நடுத்தர வயதுக்காரர், வண்டி எடுத்ததும் "துக்கத்துக்குப் போற வண்டி, பாட்டு போடல" என்று தானாகவே சொன்னார். சொன்னதோடு சரி, புளியரை லாரி வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபோது அவரே மெதுவாக முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆரியங்காவு ஏற்றத்தில் மூடுபனி. தென்மலைக்கு முன்னால் இருட்டில் பதிமூணு கண் பாலம் இருக்கும் என்று டிரைவர் கையைக் காட்டினார், எனக்கு இருட்டுதான் தெரிந்தது. குளத்துப்புழை பக்கம் ஒரு பெயர்ப்பலகை, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்: அஞ்சல். ஒரு நிமிஷம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஒரு ஊரின் பெயர், கொல்லம் மாவட்டத்து ஊர், அவ்வளவுதான். ஆனால் அந்த ராத்திரியில் அதைப் பார்க்க வேண்டியிருந்தது பாருங்கள்.

அதைப் பார்த்ததும் தாத்தா ஞாபகம், மாமாவுக்கு அப்பா. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது, 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. திருவிதாங்கூருக்குத் தனித் தபால் இருந்தது, அதற்குப் பெயரே அஞ்சல். சங்கு முத்திரை. மணி கட்டிய கோலோடு ஓடுகிற அஞ்சல்காரனுக்கு வழியில் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். தாத்தா அந்த ஓட்டக்காரர்களில் கடைசி வரிசை. 1951-ல் அந்த அஞ்சலை இந்தியத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். மாமா பிறந்ததும் அந்த வருஷம்தான். "ராஜா தபால்காரன் மகன் நேரு தபால்காரன்" என்று மாமா அடிக்கடி சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

மடத்தறையில் கட்டன் சாயா குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். கடைக்காரப் பெரியவர் நாங்கள் யார், எங்கே என்று விசாரித்துவிட்டு, தபால்காரர் என்றதும் வெறுமனே தலையாட்டினார். காசு கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். நல்லவேளை, வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும்.

மச்சான் இரண்டு பெட்டியோடு வெளியே வந்தான். ஒன்றும் பேசவில்லை. பாலோடு என்கிற ஊரைத் தாண்டும்போது, "அப்பாக்குக் கொடி போர்த்தணும்டே" என்றான். "தென்காசியில சொல்லி வாங்கி வச்சாச்சு. 450 ரூவா." அப்புறம் தூங்கிப்போனான். எனக்குத் தூக்கம் வரவில்லை. காட்டுக்குள் ஆனை நிற்கும் என்று டிரைவர் மெதுவாக ஓட்டினார். ஆனை எதுவும் நிற்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்றாம் தேதி. காலையிலிருந்து மழை. சாரலாக இல்லை, மழை.

எட்டு மணிக்கு முன்னாள் படைவீரர்கள் நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேருக்குக் குடை, சுபேதார் தாத்தாவுக்கு மட்டும் ரெயின்கோட்டு. எண்பதைத் தாண்டியவர், சீனச் சண்டைக்கு அடுத்து வந்த ஆளெடுப்பில் பட்டாளத்துக்குப் போனவர், சட்டைப் பையில் மெடல் வரிசை. மாமாவுக்குச் சங்கத்தில் கார்டு கொடுக்கக் கூடாது என்று பல வருஷம் தடுத்தவர் இவர்தான் என்று அத்தை என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கே முதலில் காப்பி கொடுத்தார்.

மச்சான் கொடியை எடுத்து வந்தான். இன்னும் பிளாஸ்டிக் கவர் பிரிக்கவில்லை. சுபேதார் தாத்தா பார்த்தார்.

"அதை உள்ள வையி தம்பி."

"ஏன் தாத்தா? அவரும் பட்டாளத்துலதான இருந்தாரு?"

பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும் தகரத்தில். எனக்கு அந்தப் பொங்கல் ஞாபகம் வந்து காது சுட்டது. சரி, இங்கேயே ஒரு சண்டை, செத்த பிறகும் மனுஷனை விடமாட்டார்கள் போல என்று நினைத்தேன்.

"இருந்தாரு. யார் இல்லன்னா? கொடிச் சட்டம் இருக்கு. அரசு மரியாதையோட, ராணுவ மரியாதையோட நடக்குற சாவுக்குத்தான் போர்த்தலாம். வீட்டுல, சங்கத்துல நாமளா போர்த்த முடியாது. நான் செத்தாலும் போர்த்தக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன். எனக்கு ஒரு சட்டம், உங்கப்பாவுக்கு ஒரு சட்டமா?"

யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் மறுத்தார், ஆனால் மறுத்த விதத்திலேயே ஒத்துக்கொண்டும் விட்டார். மச்சானுக்கு அது புரிந்ததா தெரியவில்லை, கோபத்தில் கவரைக் கொண்டுபோய் டி.வி. மேல் வைத்தான்.

சுபேதார் தாத்தா அத்தையிடம் திரும்பினார். "கம்பளி இருக்கா? பட்டாளத்துக் கம்பளி?"

கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தோம். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பர், பெயர், கீழே பட்டாளத்துத் தபால் முகவரியான 56 ஏ.பி.ஓ. பாச்சை உருண்டை நெடி. சாம்பல் நிறக் கம்பளி, ஒரு ஓரத்தில் எலி கடித்திருந்தது. அதை விரித்து மாமா மேல் போட்டு, முனைகளை மடக்கி, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டார் சுபேதார் தாத்தா. கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் மடிப்பு நேராக இருந்தது. அப்புறம் நான்கு பேரும் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். செருப்பு போட்டு அடிக்கலாமா கூடாதா என்று அவர்களுக்குள் சின்னக் குழப்பம், ஒருவர் கழற்றிவிட்டார், மற்றவர்கள் கழற்றவில்லை.

தபால் ஆபீஸ் பக்கமிருந்து ஓய்வு பெற்றவர்கள் மூன்று பேரும், மாமா தபால் கொடுத்த பகுதியை, அந்தப் பீட்டை, இப்போது பார்க்கிற பெண் ஒருத்தியும் வந்தார்கள். அவளுக்கு இருபத்து நாலு வயது இருக்கும், ஸ்கூட்டியில் வந்தாள், மழையில் தபால் பையைச் சுடிதார் துப்பட்டாவால் மூடியிருந்தாள். மாலை போட்டுவிட்டு, "டூட்டி இருக்கு, போறேன் பாட்டி" என்று அத்தையிடம் சொல்லிக் கிளம்பினாள். அதுதான் சரியான ஆள் என்று மாமா சொல்லியிருப்பார். பையை வைத்துக்கொண்டு கதை பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

சுடுகாட்டில் ஈர விறகு. ரொம்ப நேரம் ஆனது. மண்ணெண்ணெய், டயர் துண்டு என்று என்னென்னவோ செய்தார்கள், அதையெல்லாம் எழுத வேண்டாம். கம்பளியை வெட்டியான் முதலிலேயே எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மழைக்கு அவருக்கும் வேண்டியிருந்தது.

ஜூலை 18, வெள்ளி

காலையில் காடாற்று. சாம்பலைப் பானையில் எடுத்துக்கொண்டு பாபநாசம் போனோம், மச்சான், நான், இன்னும் நான்கு பேர். கடையம், ஆழ்வார்குறிச்சி வழி, இரண்டு பக்கமும் வயல், பின்னால் மலை முழுக்க மேகம். இந்த ரோட்டில் இப்படிப்பட்ட காரியத்துக்குப் போகாமல் சும்மா ஒருநாள் போக வேண்டும்.

கோயில் முன்னால் தாமிரபரணி வேகமாக ஓடியது. கரையில் பழைய துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, பரிகாரம் என்று கழற்றி விட்டுவிட்டுப் போகிறார்கள். கால் வைக்க இடம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஐயர் 1,500 கேட்டார், மச்சான் பேரம் பேசவில்லை, நான் பேசி 1,000 ஆக்கினேன். அதற்கு மச்சான் என்னை முறைத்தான். அப்பாவின் சாம்பலுக்குப் பேரமா என்பது அவன் கணக்கு. மாமாவாக இருந்தால் 700-க்கு முடித்திருப்பார் என்பது என் கணக்கு.

தண்ணீர் சில்லென்று எலும்பில் ஏறியது. முங்கி எழுந்ததும் நடுங்கிக்கொண்டே மச்சான் சொன்னான்: "லேயில மை உறைஞ்சு போகுமாம்டே. முத்திரை குத்துற மை. புகாரி அடுப்புப் பக்கத்துல வச்சு இளக்கித்தான் குத்துவோம்னு அப்பா சொல்லும். நான் நம்பினதே இல்ல."

லேயில் குளிர்காலத்தில் ஸ்ரீநகர் ரோடு மாதக்கணக்கில் மூடிவிடும். விமானம் வந்தால்தான் தபால். மேகம் சரியில்லை என்றால் விமானம் வராது. எட்டு நாள் கழித்து ஒன்றாக மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், அன்றைக்குத் தூக்கமில்லை, ஒவ்வொரு யூனிட்டுக்கும் பிரித்துக் கட்டி அனுப்ப வேண்டும் என்பார் மாமா. அங்கே இருக்கிறவன் சாப்பாடு ஒரு வேளை தவறினால் பொறுத்துக்கொள்வான், கடிதம் ஒரு வாரம் தவறினால் பக்கத்தில் இருப்பவனை அடிப்பான் என்றும் சொல்வார். இதெல்லாம் அவர் பத்துத் தடவை சொன்ன கதைகள். பத்துத் தடவையும் நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, 90 ரூபாய், வாழை இலை, அவியல் பிரமாதம். ஈரத் தலையும் மொட்டைத் தலையுமாக நாங்கள் நுழைந்ததுமே பரிமாறுகிறவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அப்பளம் மட்டும் கேட்காமலே இரண்டிரண்டாக வைத்துக்கொண்டு போனார்.

ஜூலை 19, சனி

இன்று முழுக்கத் திண்ணை. வருகிறவர்களுக்குக் கடுங்காப்பி, கருப்பட்டி போட்டது. நான்தான் கணக்கு வைத்தேன், சாயங்காலத்துக்குள் அறுபத்தொரு டம்ளர்.

பதினொரு மணிக்கு ஒரு பாட்டி வந்தாள். மலையடிவாரத்தில் இருக்கிறாள், கம்பு ஊன்றிக்கொண்டு ஒற்றையாக வந்திருக்கிறாள். அத்தையைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்:

"முதியோர் பணம் இருநூறு ரூவா வந்த காலத்துலேருந்து இவுகதான் மணியார்டர் கொண்டாருவாவ. மாசம் அஞ்சு ரூவா எடுத்துக்கிடுவாவ. கேக்க மாட்டாவ, எடுத்துக்கிட்டு மிச்சத்த எண்ணி வப்பாவ."

திண்ணையில் நாலைந்து பேர் இருந்தோம். எல்லாரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

"தீவாளிக்கு மட்டும் எடுக்க மாட்டாவ" என்றாள் பாட்டி. "ஒருக்க ஓடையில தண்ணி இடுப்பளவு. பையத் தலையில வச்சுக்கிட்டு வந்தாவ. ஏன்யா இந்தத் தண்ணியில வந்தீயன்னு கேட்டேன். பொறவு அஞ்சு ரூவா சும்மாவா தாறேன்னு கேட்டாவ." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இப்பம் ஆயிரத்து இருநூறு. பேங்கு ஆளு வந்து கைரேகை வக்கச் சொல்லுதான். ரேகை விழமாட்டேங்கு. நாளைக்கு வா, நாளைக்கு வாங்கான்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு பாட்டிக்கு வருஷம் 55 ரூபாய், தீபாவளி போக. அந்தப் பீட்டில் எத்தனை பாட்டிகள் இருந்திருப்பார்கள்? பெருக்கிக்கொண்டே போய்ப் பாதியில் விட்டுவிட்டேன். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது தப்புதான், இருநூறு ரூபாயில் ஐந்து என்பது ஒரு வேளைச் சோறு. ஆனால் ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரும் நிஜம். இரண்டையும் ஒன்றோடொன்று கழிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, பாட்டி எப்போதோ கழித்து முடித்துவிட்டாள்.

அவள் போன பிறகு அத்தை டம்ளர்களை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எனக்குத் தெரியும். அந்தச் சில்லறையைத் தனியா ஒரு டப்பால போட்டு வப்பாவ. உங்களுக்கெல்லாம் பொங்கலுக்குக் குடுத்தது அதுலேருந்துதான்" என்றார்.

பொங்கலுக்கு மாமா எங்கள் எல்லாருக்கும் பத்து ரூபாய் கொடுப்பார். கோந்து டப்பா கேள்வி கேட்ட வருஷமும் கொடுத்தார்.

மத்தியானம் மச்சான் பீரோவிலிருந்து ஒரு ஃபைல் கொண்டுவந்தான், குடும்ப ஓய்வூதியத்துக்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா பார்க்கலாம் என்று. இருந்ததெல்லாம் மனு. தன்னை முன்னாள் படைவீரராகச் சேர்க்கச் சொல்லி எழுதியவை, ஒவ்வொன்றுக்கும் பதிவுத் தபால் ரசீது, கூடவே ஒப்புகை அட்டை, வருஷ வாரியாகக் குண்டூசி குத்தி. எந்த ஆபீசுக்கு என்று எழுத வேண்டாம், யாரையும் குற்றம் சொல்கிற நோக்கமில்லை. எல்லா மனுவிலும் ஒரே வரி சிவப்பு மையில் அடிக்கோடிட்டு இருந்தது: 1987 ஏப்ரல் 14-க்கு முன்னால் ஆறு மாதத்துக்கு மேல் ராணுவத் தபால் பிரிவில் அயல்பணியில் இருந்தவர்களும் முன்னாள் படைவீரர்களே. மத்திய அரசு விதிமுறையிலேயே உள்ள வரி. மாமா நான்கு வருஷம் இருந்தார், அந்தத் தேதிக்கு முன்னாலேயே திரும்பியும் விட்டார். ஆக, அவர் சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் ஒருவரும், மகன் உட்பட, ஒரு தடவைகூட அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்ததில்லை.

ஃபைலின் அடியில் வேறொரு கட்டு. நீல இன்லேண்ட் கடிதங்கள், அத்தை கையெழுத்து. முகவரியில் ஊர் கிடையாது. பெயர், நம்பர், யூனிட், 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். பட்டாளம் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி. "எங்க இருக்காவன்னே தெரியாம நாலு வருஷம் லெட்டர் போட்டேன்" என்றார் அத்தை. "போஸ்ட்மேன் பொண்டாட்டிக்கே அட்ரஸ் தெரியல." கட்டைப் பிரிக்க விடவில்லை, வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

ராத்திரி எனக்குப் பசி. பையைத் துழாவினால் பால்கோவா, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பொட்டலம், ஓரம் லேசாகப் புளித்திருந்தது. அத்தை பார்த்துவிட்டார். "உங்க மாமாவுக்கு உசுரு இது" என்று ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், முகம் சுளித்து விழுங்கினார்.

ஜூலை 20, ஞாயிறு

கிளம்புகிற நாள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குத் திரும்ப வரவேண்டும், அதனால் யாரும் பெரிதாக விடை சொல்லவில்லை.

வெயில் வந்துவிட்டது. தோரணமலை வரைக்கும் தெளிவாகத் தெரிகிறது. பந்தல்காரர் தகரத்தைக் கழற்ற வந்தார், மூன்று நாளுக்குப் பேசியது நான்கு நாள் ஆனதற்கு 600 கூடுதல். டி.வி. மேல் கொடி அப்படியே கவரோடு இருக்கிறது. ஆகஸ்ட் 15-க்கு மாடியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் யோசனை சொன்னான், மச்சான் ஒன்றும் சொல்லவில்லை.

டிரங்குப் பெட்டியை என்னிடம் எடுத்துப் போகச் சொன்னார் அத்தை. மச்சானால் விமானத்தில் கொண்டுபோக முடியாது, இங்கே வைத்தால் எலி. "ஒன் வீட்டுல பழைய துணி போட்டு வையி, கெட்டிப் பெட்டி." சென்னையில் என் வீட்டில் அதை வைக்க இடமே இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பெட்டிக்குள் அரைப்படி உளுந்து, கருப்பட்டி, எள்ளுத் துவையலுக்கு எள், கட்டி கட்டியாகப் புளி. ஏற்கெனவே கனக்கிற பெட்டி. மச்சான் ஒரு கை பிடித்து பஸ் ஸ்டாப் வரை வந்தான்.

செங்கோட்டையிலிருந்து மதுரைக்கு அரசு பஸ், அங்கிருந்து மாறிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன். பெட்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. குற்றாலத்துக் கூட்டம் வேறு, ஆளுக்கொரு பையில் மங்குஸ்தான், ரம்புட்டான். ஒரு அம்மாள் ரம்புட்டானை உரித்து மூடிமேல் தோலைப் போட்டுக்கொண்டிருந்தார், எடுக்கச் சொல்லலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன், அவராகவே எழுத்தைப் பார்த்துவிட்டுத் தோலை அள்ளி ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

கடையநல்லூர் தாண்டி கண்டக்டர் வந்தார். பெட்டியைக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தார், குனிந்து மூடியைப் படித்தார்.

"பட்டாளமா?"

"ஆமா."

"நீங்களா?"

"எங்க மாமா."

அவர் தலையாட்டினார். டிக்கெட்டைக் கிழித்தார், பின்னால் திரும்பி யாருக்கோ மீதிச் சில்லறை கொடுத்தார், மறுபடி என் பக்கம் வந்தார்.

"லக்கேஜ் நாற்பது ரூவா எடுங்க சார்."